கணினிக்குக் காஜா எடுத்த கதை

எங்கள் வரைபட அலுவலகத்துக்குப் புதுக் கணினி ஒன்று வந்தது. அலுவலகம் என்று இருந்தால் கணினி வரும், கெடும், போகும். அதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. ஆனால் இந்தக் கணினி தனியாக வரவில்லை. ஒரு சுற்றறிக்கை, ஒரு பொம்மைப் பெங்குவின், ஒரு தாடி என்று பரிவாரத்தோடு வந்தது.

சுற்றறிக்கையை எங்கள் துணை இயக்குநர் நின்றுகொண்டே வாசித்தார். அவருக்கு நாங்கள் வைத்திருக்கிற பெயர் உட்பிரிவு. மணி என்ன என்று கேட்டால்கூட எந்த உட்பிரிவின்படி கேட்கிறாய் என்று திருப்பிக் கேட்கிற மனிதர். "இன்று காலை பத்து மணி முதல் இவ்வலுவலகம் லினக்ஸ் என்னும் சுதந்திர மென்பொருளுக்கு மாறிவிட்டதாகக் கருதப்படும்" என்று வாசித்தார். மாறச் சொல்லவில்லை, கவனியுங்கள். மாறிவிட்டதாகக் கருதச் சொன்னார்கள். கருதுவதில் எங்கள் அலுவலகத்தை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பத்து மணிக்குக் கருதினோம். பத்தரை மணிக்குப் பழைய கணினியை வண்டியில் ஏற்றிவிட்டார்கள். பீரோவில் இருந்த காகித வரைபடங்களையும் மூட்டை கட்டி, பாதுகாத்து வைக்கிறோம் என்று எடுத்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு அவற்றை யாரும் பார்க்கவில்லை. அவ்வளவு பாதுகாப்பு.

பெங்குவின் என்பது லினக்ஸின் சின்னமாம். உட்பிரிவு அதைத் தன் மேசைமேல் வைத்து, கழுத்தில் ஒரு அட்டையை மாட்டினார். அதில் எழுதியிருந்தது: "இது சுதந்திரக் கணினி. அனுமதியின்றித் தொடக் கூடாது."

தாடி என்பது ஆலோசகர். சுதந்திர மென்பொருள் இப்போது பெரிய நாகரிகம் என்பதால், அலுவலகத்துக்கு ஒரு ஆலோசகர் இல்லாவிட்டால் மரியாதை இல்லை. நல்ல பையன்தான். வீடு கிடைக்கவில்லை என்று சொன்னதால் என் வீட்டு மாடியில் நானே குடிவைத்தேன். என் வீடு அலுவலகத்துக்குப் பின் தெருவில் இருக்கிறது. உட்பிரிவின் வீடும் அங்கேதான், பொருள் இருப்பைப் பார்க்கிற ஸ்டோர் மேடம் வீடும் அங்கேதான். நடந்தே வேலைக்கு வந்துவிடலாம் என்பதால் ஆளுக்கொரு வீடாகக் கட்டிக்கொண்டோம். இது கதைக்குத் தேவையில்லை. சும்மா சொல்லி வைக்கிறேன்.

நான் இந்த அலுவலகத்தில் வரைவாளர். இருபது வருஷமாகத் தெருக்களையும் சாக்கடைகளையும் வரைந்து கண் கெட்டவன். புதுக் கணினியில் படம் காட்டுவதற்கென்றே தனியாக உயர்தரக் கிராபிக்ஸ் அட்டை இருக்கிறது, வரைபடம் கண்ணாடி மாதிரித் தெரியும் என்று சொன்னார்கள். ஆசையோடு முன்னால் உட்கார்ந்தேன். திரை நடுவில் தபால் அட்டை அளவுக்கு ஒரு படம் வந்தது. சுற்றிலும் கறுப்பு. எழுத்துகள் எல்லாம் செங்கல் அடுக்கியது போல இருந்தன. பின் தெரு வரைபடத்தைத் திறந்தேன். குழந்தை விரலைப் பெயிண்டில் முக்கி இழுத்தது போல நாலு கோடு. பெரிதாக்கிப் பார்ப்போம் என்று அமுக்கினால் திரை இருண்டு போனது. பத்து நிமிஷம் கழித்து, ஒன்றும் நடக்காதது மாதிரி, பழைய தபால் அட்டையே திரும்பி வந்தது.

"கிராபிக்ஸ் வேலை செய்யலை சார்" என்று போய்ச் சொன்னேன்.

"ஏதோ தெரியுதில்ல?" என்றார் உட்பிரிவு.

"ஏதோதான் சார் தெரியுது."

"அப்ப வேலை செய்யுதுன்னுதான் அர்த்தம். நாம ஏற்கெனவே மாறியாச்சு. மாறினதுக்கு அப்புறம் வேலை செய்யலைன்னு சொன்னா, எதுக்கு மாறினோம்னு கேப்பாங்க. அந்தக் கேள்விக்கு உட்பிரிவு கிடையாது."

இதோடு விட்டிருந்தால் நானும் கண்ணாடியை மாற்றிக்கொண்டு சும்மா இருந்திருப்பேன். ஆனால் அடுத்து வந்த திங்கட்கிழமை தையல்கார அக்கா வந்தாள்.

பின் தெருவில் அக்காவைத் தெரியாதவர்கள் இல்லை. கழுத்தில் எப்போதும் அளவு டேப்பு தொங்கும். தெருவில் பாதிப் பேர் உடம்பு அளவு அவளுக்கு மனப்பாடம். யார் இளைத்தார்கள், யார் பருத்தார்கள் என்று பார்த்ததுமே சொல்லிவிடுவாள், அதனால் பலபேர் அவளைக் கண்டால் ஒதுங்கிப் போவார்கள். அன்றைக்கு அவள் கையில் ஒரு நோட்டீஸ் இருந்தது.

"தம்பி, வியாழக்கிழமை சாக்கடை தோண்ட வண்டி வருதாம். என் அடுப்படி வழியாத் தோண்டுவாங்களாம். என் அடுப்படியில சாக்கடைக்கு என்ன வேலை?"

கணினியில் பார்த்தேன். சாக்கடைக் கோடு சரியாக அவள் அடுப்படிமேல் படுத்திருந்தது. உண்மையைச் சொன்னால் அவள் அடுப்படி, பக்கத்து வீடு, தெரு விளக்கு எல்லாவற்றின்மேலும் படுத்திருந்தது. இந்தத் திரையில் ஒரு புள்ளி என்றால் தரையில் ஆறு அடி. கோட்டின் தடிமன் இரண்டு புள்ளி. பன்னிரண்டு அடிச் சாக்கடையில் படகு விடலாம்.

"அக்கா, இது கோடு தடிமனாத் தெரியுது, அவ்வளவுதான். நிஜத்துல எங்க போகுதுன்னு பெரிசாக்கிப் பாத்தாத்தான் தெரியும்."

"பாரேன்."

"பாத்தா இருண்டு போகுது."

அக்கா என்னையும் கணினியையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளை உட்பிரிவிடம் அழைத்துப் போனேன்.

"வரைபடத்தைப் புதன்கிழமை சாயங்காலம் ஒப்பந்தக்காரர்கிட்ட அச்சடிச்சுக் குடுக்கணும். திரையில் தெரிவதே ஆவணம். திரையில உங்க அடுப்படி மேல கோடு இருக்கு. நான் என்னம்மா பண்ண?" என்றார் அவர்.

"படம் சரியாத் தெரியறவரைக்கும் தள்ளிப்போடுங்களேன்."

அவர் சுற்றறிக்கையை எடுத்து விரலால் தடவினார். "உட்பிரிவு ஒன்பது. கணினியைக் காரணம் காட்டி எந்தப் பணியையும் தள்ளிப்போடக் கூடாது. நான் தள்ளிப்போட்டா என்னை எங்கேயாவது தள்ளிப் போட்ருவாங்க."

அக்காவுக்குப் புருஷன் இல்லை. அந்த வீட்டைத் தையல் மிஷினை மிதித்து மிதித்தே கட்டினாள். அடுப்படியை இடித்தால் சுவர் நிற்காது, சுவர் போனால் வீடு நிற்காது. இதை அவள் அழுதுகொண்டு சொல்லவில்லை. அளவு சொல்வது மாதிரி சொன்னாள்.

"புதன்கிழமைக்குள்ள கிராபிக்ஸை வரவெச்சுர்றேன் அக்கா" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். வாய் சும்மா இருக்கிறதா?

முதலில் ஆலோசகரைப் பிடித்தேன். அவருக்கு நான் சொன்னது பிடிக்கவே இல்லை.

"அண்ணா, கிராபிக்ஸ்ங்கறது பலவீனமானவங்களுக்கு. படம் பாத்து வேலை செய்றவன் சாதாரண ஆள். எழுத்து பாத்து வேலை செய்றவன்தான் வல்லுநர்."

"தம்பி, இது வரைபட அலுவலகம்."

"அந்த மனோபாவத்தைத்தான் மாத்தணும்" என்று சொல்லிக் கறுப்புத் திரையில் எதையோ தட்டினார். பின் தெரு முழுவதும் எண்களாகப் பொலபொலவென்று கொட்டியது. இரண்டாயிரம் வரி. "பாருங்க, தெரு எவ்வளவு அழகா இருக்கு."

அக்கா எட்டிப் பார்த்தாள். "இதுல என் அடுப்படி எங்க?"

"ஆயிரத்து நானூத்திப் பன்னிரண்டாவது வரி."

"அந்த வரியில அடுப்பு வெக்க எடம் இருக்கா?"

ஆலோசகர் தாடியைத் தடவினார். ஆனாலும் பையனுக்கு இரக்கம் உண்டு. செவ்வாய்க்கிழமை முழுவதும் உட்கார்ந்து தட்டினார். கிராபிக்ஸ் அட்டையை ஓட்டுகிற மென்பொருளை எடுத்தார், மறுபடி போட்டார், புதுசு போட்டார், பழசு போட்டார். ஒவ்வொரு முறையும் கணினி ஒரே பதிலைச் சொன்னது: "கிராபிக்ஸ் அட்டை: நலம். அதில் இணைக்கப்பட்ட திரை: இல்லை."

"இல்லையா? இதோ குத்துக்கல்லாட்டம் முன்னாடி நிக்குதே" என்றேன்.

ஆலோசகர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. "திரை நம்ம முன்னாடி இருக்கு. ஆனா திரையே இல்லைங்குது. எவ்வளவு ஆழமான கணினி பாத்தீங்களா."

கணினி உள்ளதை உள்ளபடி சொல்லிக்கொண்டிருந்தது. நாங்கள்தான் அதைத் தத்துவமாக எடுத்துக்கொண்டோம். அலுவலகத்தில் யாராவது நேராகப் பேசினால் எங்களுக்குப் புரிவதில்லை.

அன்று பிற்பகல் உட்பிரிவு, "கிராபிக்ஸ் ஒருங்கிணைப்பு அவசரக் கூட்டம்" கூட்டினார். எல்லோரும் திரையைச் சுற்றி நின்று பார்த்தோம். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அப்போது உட்பிரிவு போன் பேசுவதற்காகக் கதவோரம் போனவர், அங்கிருந்து திரும்பிப் பார்த்துவிட்டு, "அட, இங்கேருந்து நல்லாத்தானே இருக்கு" என்றார். நாங்களும் போய்ப் பார்த்தோம். உண்மைதான். பத்தடி தள்ளி நின்றால் செங்கல் எல்லாம் மறைந்து, கோடு கோடாகத் தெரிந்தது. இருபதடி தள்ளி நின்றால் இன்னும் அழகு. "தொலைவு கூடக் கூடத் தெளிவு கூடுவதைக் கூட்டம் ஒருமனதாகக் கண்டது" என்று தீர்மானம் எழுதி, என் நாற்காலியை வராந்தாவுக்கு மாற்றினார்கள். அன்று சாயங்காலம் வரை வராந்தாவில் உட்கார்ந்து, ஒன்றைத் தட்ட வேண்டுமானால் எழுந்து உள்ளே போய்த் தட்டிவிட்டு, மறுபடி ஓடிவந்து உட்கார்ந்து பார்த்தேன். முழங்கால் வலி மிச்சம்.

புதன்கிழமை வந்தது. அச்சடித்துக் கொடுக்கச் சாயங்காலம் வரைதான் நேரம் இருந்தது. அக்கா காலையிலேயே வந்து கணினிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டாள். சும்மா இருக்கப் பிடிக்காமல் ஒரு சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். ஒரு பட்டன் கைதவறி உருண்டு கணினிக்குப் பின்னால் ஓடியது. எடுக்கக் குனிந்தவள் குனிந்தபடியே இருந்தாள்.

"தம்பி, இங்க வா. இது என்ன, காஜா எடுக்காத சட்டை மாதிரி இருக்கு?"

நானும் குனிந்தேன். காஜா என்றால் பட்டன் நுழைகிற ஓட்டை. சட்டை தைத்து, பட்டன் வைத்து, காஜா வெட்டாமல் விட்டால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது. கணினியின் பின்பக்கம் மேலே ஒரு ஓட்டையில் திரையின் ஒயர் செருகியிருந்தது. கொஞ்சம் கீழே, கிராபிக்ஸ் அட்டையின் முனை வெளியே தெரிகிற பட்டையில், அதே மாதிரி ஓட்டை இருக்க வேண்டிய இடத்தில், நீளமாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. "அலுவலக உடைமை. எண் 4417. இதை அகற்றுவது தண்டனைக்குரியது."

அட்டையின் ஓட்டையை ஸ்டிக்கர் மூடியிருக்கிறது. கணினியை மாட்ட வந்தவர் ஓட்டையைக் காணாமல், காலியாக இருந்த இன்னொரு சாதாரண ஓட்டையில் ஒயரைச் செருகிவிட்டுப் போய்விட்டார். அட்டை உள்ளே நலமாக உட்கார்ந்து, திரை எங்கே திரை எங்கே என்று இத்தனை நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறோம்.

ஸ்டோர் மேடத்தைக் கூப்பிட்டேன். இருப்பிலுள்ள எல்லாப் பொருளுக்கும் ஸ்டிக்கர் ஒட்டுகிறவர் அவர்தான். ஒருமுறை நான் அசந்து தூங்கியபோது என் முதுகிலேயே ஒன்றை ஒட்டப் பார்த்தார்.

"மேடம், ஏன் அங்க ஒட்டினீங்க?"

"விதிப்படிதான் ஒட்டினேன். பொருளோட மிக உயர்ந்த பாகத்துல ஒட்டணும்னு இருக்கு. இதுல உயர்ந்தது எதுன்னு கேட்டேன். கிராபிக்ஸ் அட்டைன்னாங்க. அட்டையில வெளிய தெரியறது அந்தப் பட்டைதான். வேற எங்க ஒட்டுவேன், உங்க நெத்தியிலயா?"

"கொஞ்சம் எடுத்துட்டு பக்கத்துல ஒட்டக்கூடாதா?"

"எடுத்தா அந்த நிமிஷம் அது ஸ்டிக்கர் இல்லாத பொருள். ஸ்டிக்கர் இல்லாத பொருள் இந்த அலுவலகத்துல இல்லை. இல்லாத பொருள்ல எப்படித் திரும்ப ஒட்டறது?"

உட்பிரிவு பரவசத்தோடு தலையாட்டினார். இப்படி ஒரு விளக்கத்தை அவர் தன் வாழ்நாளில் கேட்டதில்லை.

அப்போது அக்கா பட்டனை வாயில் கவ்விக்கொண்டே கேட்டாள். "அகற்றக் கூடாதுன்னுதானே எழுதியிருக்கு? காஜா எடுக்கக் கூடாதுன்னு எழுதலையே?"

ஸ்டோர் மேடம் ஸ்டிக்கரை இரண்டு தரம் வாசித்தார். உட்பிரிவு விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். அகற்றுதல், கிழித்தல், சுரண்டுதல், மாற்றி ஒட்டுதல், நனைத்தல் எல்லாவற்றுக்கும் தண்டனை இருந்தது. காஜா இல்லை.

"தடை இல்லாதது அனுமதிக்கப்பட்டதாகக் கருதப்படும்" என்றார் உட்பிரிவு, புத்தகத்தை மூடிவிட்டு.

அக்கா கணினியை அணைக்கச் சொன்னாள். டேப்பை வைத்து ஒயர் முனையை அளந்தாள். சாக்குக்கட்டியால் ஸ்டிக்கர்மேல் கோடு போட்டாள். பிளேடால் ஒரே இழுப்பு. எண் 4417 ஒரு நூல்கூடக் கெடாமல், நடுவில் அளவெடுத்தது போல ஒரு காஜா. ஒயரை எடுத்து அதில் நுழைத்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது.

கணினியை ஓடவிட்டோம். ஒரு கறுப்பு. சில வரிகள் ஓடின. மறுபடி கறுப்பு. ஆலோசகர் மட்டும், "இந்தக் கறுப்பே போதுமே" என்று முணுமுணுத்தார். அப்புறம் திரை விளிம்பிலிருந்து விளிம்பு வரை வெளிச்சம் வந்தது. அடடா, அதை எப்படிச் சொல்வேன். பின் தெரு கழுவி விட்டது மாதிரி கிடந்தது. ஒவ்வொரு வீடும் தெரிந்தது, ஒவ்வொரு மரமும் தெரிந்தது. நான் துள்ளிக் குதித்தேன். உட்பிரிவு பெங்குவினைத் தூக்கிக் கொஞ்சினார். ஸ்டோர் மேடம் எனக்குக் கை கொடுத்தார். இருபது வருஷத்தில் அவர் எனக்குக் கொடுத்தது அது ஒன்றுதான்.

அக்காவின் வீட்டைப் பெரிதாக்கினேன். இருளவில்லை. சாக்கடைக் கோடு நூல் மாதிரி மெல்லிசாக, அடுப்படிச் சுவரை விட்டு மூன்றடி தள்ளிப் போய்க்கொண்டிருந்தது.

"அக்கா, உங்க அடுப்படி தப்பிச்சிருச்சு."

அக்கா சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் சிரிப்பு மெதுவாக நின்றது. "தம்பி, அடுப்படிச் சுவருக்கு வெளியே மூணடின்னா, அங்கதானே என் கட்டிங் ரூம்?"

திரையில் அங்கே கட்டிங் ரூம் இல்லை. வெறும் தெரு. அந்த அறையை அவள் மூன்று வருஷத்துக்கு முன் தெருவில் கொஞ்சம் இழுத்துக் கட்டிக்கொண்டாள். துணி வெட்டுவது, தைப்பது, பிழைப்பது எல்லாம் அதற்குள்தான்.

"கோடு அப்புறம் எங்க போகுது?" என்று கேட்டார் உட்பிரிவு. குரலில் இன்னும் சந்தோஷம் இருந்தது. படத்தை நகர்த்தினேன். கோடு நேராக அவர் வீட்டு வாசலுக்குப் போனது. அவருடைய கார் ஷெட் இருக்க வேண்டிய இடத்தில் ஷெட் இல்லை; சாக்கடை இருந்தது.

அவர் பெங்குவினைக் கீழே வைத்தார்.

ஸ்டோர் மேடம் வீட்டு மோட்டார் அறை வழியாகக் கோடு புகுந்து வெளியே வந்தது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். அடுத்த வீட்டுக்குப் படத்தை நகர்த்த எனக்குக் கை வரவில்லை. ஏனென்றால் அடுத்த வீடு என்னுடையது. நகர்த்தினேன். என் மாடிப்படி எங்கே இருக்கிறதோ அங்கே மாடிப்படி இல்லை, சாக்கடைக் கோடுதான் இருந்தது. தெருவை அளந்து வரைகிற நானே தெருவில் படிக்கட்டு கட்டியிருக்கிறேன் என்பது சத்தியமாக எனக்கு அதுவரை உறைக்கவில்லை. காகிதத்தில் வரையும்போது அந்த இடத்தில் எப்போதும் டீ கிளாஸை வைத்திருப்பேன்.

"அப்ப நான் எப்படி மேல ஏறுவேன்?" என்றார் ஆலோசகர்.

"நீங்கதான் எழுத்து பாத்தே எல்லாம் செய்வீங்களே. ஆயிரத்து ஐந்நூறாவது வரியில ஏறுங்க" என்றாள் அக்கா.

திரை கண்ணாடி மாதிரி ஜொலித்துக்கொண்டிருந்தது.

"இந்தக் கிராபிக்ஸ் ரொம்ப வெளிச்சமா இருக்கு" என்றார் உட்பிரிவு.

"கண்ணுக்குக் கெடுதல்" என்றார் ஸ்டோர் மேடம்.

"நான் அப்பவே சொன்னேன், பலவீனம்னு" என்றார் ஆலோசகர்.

உட்பிரிவு சுற்றறிக்கையை எடுத்தார். ஒன்பதாவது உட்பிரிவைத் தாண்டி அவர் வாசித்து நான் பார்த்ததே இல்லை. அன்றைக்குக் கடைசிப் பக்கம் வரை போனார். "உட்பிரிவு பதினாலு. கிராபிக்ஸ் இயங்காத அலுவலகங்களில் வரைபடப் பணிகளை மறு உத்தரவு வரை நிறுத்தி வைக்கலாம்." வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். "கிராபிக்ஸ் இயங்குதா?"

நான் ஒயரைப் பிடுங்கிப் பழைய ஓட்டையில் செருகினேன். திரை நடுவில் தபால் அட்டை வந்தது. எல்லோருக்கும் மூச்சு வந்தது.

"இயங்கலை சார்."

"இயங்கலைன்னு கோப்புல நோட்டு போடுங்க."

அக்கா பையிலிருந்து ஒரு துண்டு ஒட்டுத் துணியை எடுத்து, காஜாவின்மேல் வைத்து, பசை தடவி, பெருவிரலால் அழுத்தினாள். தன் கையால் எடுத்த காஜாவை எந்தத் தையல்காரியும் இப்படி மூடியிருக்க மாட்டாள். தைத்தது தெரியாமல் ஒட்டுவது தனிக் கலை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வியாழக்கிழமை வண்டி வரவில்லை. அடுப்படி நின்றது, கட்டிங் ரூம் நின்றது, ஷெட்டும் மோட்டாரும் படிக்கட்டும் நின்றன. அடுத்த மாதம் மழை வந்தது. அதுவும் வந்து பின் தெருவில் நின்றது. முழங்கால் அளவுத் தண்ணீர். உட்பிரிவின் கார் ஷெட்டில் மிதந்தது, ஸ்டோர் மேடம் வீட்டு மோட்டார் குமிழி விட்டது. தெருக்காரர்கள் கொதித்துப் போய், இன்னும் ஏன் சாக்கடை தோண்டவில்லை, இந்த வரைபட அலுவலகம் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று காரசாரமாக மனு எழுதினார்கள். எழுத்து அக்காவுடையது. முதல் கையெழுத்து உட்பிரிவு. இரண்டாவது ஸ்டோர் மேடம். மூன்றாவது நான். ஆலோசகர் படிக்கட்டில் உட்கார்ந்தபடியே போட்டார்.

மனு முறைப்படி என் மேசைக்கு வந்தது. "கிராபிக்ஸ் இயங்கவில்லை" என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். மனு போட்ட எங்கள் எல்லோருக்கும் அந்தப் பதிலைப் படித்து ரத்தம் கொதித்தது.

சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். சிரித்து முடித்ததும் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய் உங்கள் வாசற்படி தெருவில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளந்து பாருங்கள். ஒட்டுத் துணி இன்னும் மிச்சம் இருக்கிறது என்று அக்கா சொல்லச் சொன்னாள்.